சோக்கிரட்டீஸ் சொன்னதாக ஒரு படம் வந்தால்

பிள்ளைகள் ஆடம்பரத்தை விரும்புகிறார்கள், பெரியவர் வந்தால் எழும்புவதில்லை, மேசையில் உள்ள தின்பண்டங்களை அள்ளி விழுங்குகிறார்கள், கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், ஆசிரியரை ஆட்டிப் படைக்கிறார்கள். இதைச் சோக்கிரட்டீஸ் 2400 வருடத்துக்கு முன்னரே சொல்லிவிட்டார் என்று ஒரு படம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பரிசளிப்பு விழாப் பேச்சில் வரும், பாடசாலை மலரில் வரும், ரியூசன் கொட்டில் சுவரிலும் எழுதியிருக்கும். சோக்கிரட்டீஸ் அதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று கண்டுபிடிப்பதற்குக் கிரேக்கம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கைபேசியும், தேநீர் ஆறும் நேரமும் போதும்.

மலர் தொகுப்பவர்கள், மேடையில் பேசுபவர்கள், செய்தி மொழிபெயர்ப்பவர்கள், விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குபவர்கள், பேஸ்புக் பக்கம் நடத்துபவர்கள் ஆகியோருக்கான வழிமுறை இது.

முதலில் விலாசத்தைக் கேளுங்கள்

திருக்குறளுக்குக் குறள் எண் இருப்பதுபோல, கிரேக்க, இலத்தீன் நூல்களுக்கும் நிரந்தர விலாசம் உண்டு. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் அது மாறாது. பிளேட்டோவுக்கு 1578இல் வந்த ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்க எண்ணும், பக்கத்தின் பகுதியைக் காட்டும் ஏ, பி, சி, டி, ஈ என்ற ஐந்து எழுத்துகளும். அரிஸ்டோட்டிலுக்கு 1831இல் வந்த பெக்கர் பதிப்பின் பக்க எண்ணும், இடப் பத்தியா வலப் பத்தியா என்று காட்டும் ஏ அல்லது பி எழுத்தும், வரி எண்ணும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் புத்தகம், அதிகாரம், வரி.

“ஆராயப்படாத வாழ்க்கை வாழத் தகுந்ததல்ல” என்பது உண்மையான வரி. அதன் விலாசம், சோக்கிரட்டீஸ் நீதிமன்றத்தில் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய ‘அப்போலஜி’ 38ஏ. வந்த படத்தில் “- பிளேட்டோ” என்று மட்டும் இருந்தால், ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய கடிதம் வந்திருக்கிறது என்று எடுங்கள். பொய் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வீட்டைத் தேட வேண்டியது நீங்கள்தான்.

விலாசம் இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் இல்லாத எண்ணையும் தயங்காமல் தரும். அதைப் பிடிக்கச் சில எல்லைகளை மனதில் வைத்திருந்தால் போதும். ‘அப்போலஜி’ 17 தொடங்கி 42இல் முடியும். ‘அப்போலஜி 57சி’ என்று ஒன்று இருக்க வழியே இல்லை. ‘குடியரசு’ 327 முதல் 621 வரை. அரிஸ்டோட்டிலின் ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ 1094 முதல் 1181 வரை. அதில் சி, டி என்று எழுத்து வந்தால் அப்போதே தள்ளுங்கள், பெக்கர் பக்கத்தில் இரண்டு பத்திதான். உரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸின் ‘தியானங்கள்’ 12 புத்தகம், ஹோமரின் இரண்டு காவியங்களும் 24 வீதம், கிரேக்க வரலாற்றாசிரியர்களில் ஹெரொடோட்டஸ் 9, துசிடிடீஸ் 8.

இன்னொன்று: சோக்கிரட்டீஸ் எதையும் எழுதிவைக்கவில்லை. “சோக்கிரட்டீஸ் தன் நூலில்” என்று தொடங்கும் பதிவு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அவர் சொன்னதாக இருப்பதில் பெரும்பகுதி அவருடைய மாணவர்களான பிளேட்டோவிலும் செனோஃபோனிலும்தான், கேலியாக அரிஸ்டோஃபனீஸின் நாடகத்திலும்.

ஒரு படத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

மேலே சொன்ன பிள்ளைகள் படத்தையே எடுப்போம்.

தமிழ் வரியை அப்படியே தேடாதீர்கள். அதே படத்தின் பிரதிகள்தான் நூறு வரும். அதோடு தமிழில் பெயர் எழுத்து ஒரு நிலையில் இல்லை: சாக்ரடீஸ், சோக்கிரதீஸ், சோக்ரட்டீஸ், சோக்கிரட்டீஸ். தமிழில் தேடித்தான் ஆகவேண்டும் என்றால் நாலையும் போட்டுப் பாருங்கள்.

வரியை ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். முழுவதையும் திருப்ப வேண்டாம். ‘பிள்ளைகள்’, ‘மரியாதை’ போன்ற சொற்கள் எல்லா இடத்திலும் இருக்கும், உதவாது. ‘கால்மேல் கால்’, ‘மேசையில் உள்ள தின்பண்டங்களை அள்ளி விழுங்குதல்’, ‘ஆசிரியரைக் கொடுங்கோலாக ஆளுதல்’ போன்ற அபூர்வமான துண்டுகளை எடுங்கள். நாலைந்து சொல் கொண்ட ஒரு துண்டை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகிளில் தேடுங்கள்.

முதலில் வருவது மேற்கோள் தளங்கள். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஆயிரம் தளத்தில் இருப்பதும் ஒரு தளத்தில் இருப்பதும் ஒன்றுதான். பார்க்க வேண்டியவை இரண்டு. விக்கிமேற்கோளின் ஆங்கிலப் பக்கத்தில் அந்த ஆளின் பெயருக்குப் போய், கீழே ‘தவறாகச் சாட்டப்பட்டவை’ (Misattributed) என்ற பகுதியைப் பாருங்கள். பிறகு கூகிள் புத்தகங்களில் அதே துண்டைத் தேடி, ஆண்டு வரம்பைப் படிப்படியாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள்: 1950க்கு முன், 1920க்கு முன், 1900க்கு முன். எந்த ஆண்டோடு வரி மறைகிறதோ அதற்கு அண்மையில்தான் அது பிறந்திருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. சஞ்சிகைத் தொகுதிகளுக்குக் கூகிள் சில வேளை முதல் இதழின் ஆண்டைப் போட்டுவிடும். ஆகவே பக்கத்தின் படத்தில் அச்சிட்ட ஆண்டைக் கண்ணால் பார்க்காமல் திகதியை ஏற்காதீர்கள்.

இந்த வரி 1907இல் நிற்கும். கெனத் ஜோன் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர், பண்டைக் கிரேக்கக் கல்வி பற்றி எழுதிய ஆய்வு அந்த ஆண்டு நூலாக வந்தது. அக்காலத்துப் பெரியவர்கள் இளையோரைப் பற்றிச் சொன்ன குறைகளை அவர் தன் சொல்லில் சுருக்கித் தந்தார். சுருக்கத்தை யாரோ பிடுங்கிச் சோக்கிரட்டீசின் வாயில் வைத்துவிட்டார்கள்.

கால்மேல் கால் போடும் குறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் சுவை. அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில், 983ஆம் வரியில் இருக்கிறது. கி.மு. 423இல் மேடையேறிய அந்த நகைச்சுவை நாடகத்தில், பையன்களைக் கெடுக்கும் ஆளாகக் கேலி செய்யப்படுபவரே சோக்கிரட்டீஸ்தான். இளைஞரைக் கெடுத்தார் என்பது உட்பட்ட குற்றச்சாட்டில்தான் கி.மு. 399இல் அவருக்கு நஞ்சு கொடுத்தார்கள். அவருக்கு எதிராகச் சொன்ன குற்றச்சாட்டை அவர் பெயரிலேயே மேடையில் வாசிக்கிறோம்.

மூலத்தில் தேடும்போது அடிக்கடி நடக்கும் தவறு: சரியான வரியைக்கூட ‘இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவது. மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்ப்பாளர் சொல் வேறு. பழைய, இலவசமான ஜோவெட் மொழிபெயர்ப்பில் ‘ஆராயப்படாத வாழ்க்கை’ வரியின் சொல்லொழுங்கு வேறாக இருக்கும். படத்தில் உள்ள ஆங்கிலத்தை அப்படியே போட்டால் சிக்காது. குட்டன்பேர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் நூலைத் திறந்து, உலாவியின் ‘பக்கத்தில் தேடு’ வசதியில் ஒரே ஒரு முக்கிய சொல்லை மட்டும் போடுங்கள். விலாசத்தோடு பார்க்க பெர்சியஸ் தளம் நல்லது, ஆனால் சிக்னல் குறைந்த இடத்தில் இழுபடும். உரோம வரலாற்றாசிரியர்களுக்கு லாக்கஸ் கேர்ட்டியஸ் என்ற தளம் இலேசானது. வெறும் எழுத்துத்தான், சட்டென்று திறக்கும்.

வரி கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பேசுவது யார் என்று மேலே பத்து வரியும் கீழே பத்து வரியும் வாசியுங்கள். “வலியவர் தம்மால் இயன்றதைச் செய்வர், எளியவர் படவேண்டியதைப் படுவர்” என்ற வரியைத் துசிடிடீஸின் தத்துவம் என்று அரசியல் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். விலாசம் சரிதான், 5.89 (ஐந்தாம் புத்தகம், 89ஆம் அதிகாரம்). ஆனால் அது கி.மு. 416இல் மீலோஸ் என்ற சிறு தீவை மிரட்டப் போன ஏதன்ஸ் தூதர்களின் வாயில் வருவது. தீவு பணியவில்லை, பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். எழுதியவரின் கருத்து என்று அதை எடுப்பது, துரியோதனன் பேச்சை வியாசரின் அறிவுரை என்று எடுப்பதற்குச் சமம்.

முகம் யாருடையது?

படத்தை அழுத்திப் பிடித்துக் கூகிள் லென்சில் தேடினால் பெரும்பாலும் எந்த அருங்காட்சியகச் சிலை என்று வந்துவிடும். சப்பை மூக்கு, வழுக்கை, தடித்த உதடு என்றால் சோக்கிரட்டீஸ். சுருள் முடி, சுருள் தாடி, அமைதியான கண் என்றால் மார்க்கஸ் ஒரேலியஸாக இருக்கலாம். அந்த முகத்தைப் போட்டுப் பிளேட்டோ வரி எழுதும் படங்களுக்குக் குறைவில்லை. உரோமத் தத்துவஞானி செனெக்கா என்று சுற்றும் வற்றிய கன்னக் கிழவரின் முகம் செனெக்காவுடையதல்ல. 1813இல் கிடைத்து இப்போது பேர்லினில் இருக்கும் இரட்டைத் தலைச் சிலையில் பெயர் வெட்டியிருக்கிறது: நல்ல சதைப்பிடிப்பான ஆள். கணினி வரைந்த சிலை என்று சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாம், பீடத்தில் உள்ள எழுத்தைப் பெரிதாக்குங்கள். கிரேக்கமும் இல்லை, இலத்தீனும் இல்லை என்றால் முடிந்தது.

செய்தித் தலைப்பில் வரும் கிரேக்கமும் உரோமும்

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்த கதை இல்லாமல் எங்கள் அரசியல் மேடை ஓடாது. கி.பி. 64 யூலையில் தீ மூண்டது உண்மை. நகரின் 14 வட்டாரங்களில் 3 முற்றாக அழிந்தன, 4 மட்டும் தப்பின. பிடில் உண்மையல்ல, வயலின் 16ஆம் நூற்றாண்டுக் கருவி. உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் (‘ஆண்டுகள்’ 15.39) சொல்வது இதுதான்: தீப்பிடித்தபோது நீரோ அன்டியம் என்ற கடலோர ஊரில் இருந்தான், திரும்பிவந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டத்தைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான், ஆனால் எரியும் நகரைப் பார்த்து டிராய் அழிந்த பாட்டைப் பாடினான் என்று வதந்தி பரவியதால் செய்ததெல்லாம் வீணாகிப் போனது. சுவெட்டோனியசும் பின்னால் வந்த டியோவும் வதந்தியை நடந்ததாகவே எழுதினார்கள். நீரோ மீட்டிய கருவி கிதாரா, நரம்பிசைக் கருவி. பிடிலைவிட யாழுக்குக் கிட்ட. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுபவர் “நீரோ யாழ் மீட்டினான் என்பார்கள்” என்று எழுதினால் பிழை குறையும், வரியும் அழகாகும். ‘என்பார்கள்’ மட்டும் விடுபடக் கூடாது.

இலங்கையில் 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி ஆங்கிலச் செய்திகளில் ‘டிரகோனியன்’ என்ற சொல் விடாமல் வரும். அது ஆளின் பெயர். டிரேக்கோ, ஏறத்தாழ கி.மு. 621இல் ஏதன்சுக்கு எழுத்தில் சட்டம் தந்தவர். சிறு களவுக்கும் மரணம் என்பதால், மையால் அல்ல இரத்தத்தால் எழுதிய சட்டம் என்று பின்னாளில் ஒருவர் சொன்னதை, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் பதிந்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் ‘கொடுஞ்சட்டம்’ என்று போடுங்கள், போதும். ‘டிராகன் சட்டம்’ என்று போட்டுவிடாதீர்கள். (அந்தச் சிலேடையைக் கிரேக்கரே முடித்துவிட்டார்கள்: இது மனிதன் சட்டமில்லை, பாம்பின் சட்டம் என்று சொன்ன ஒருவரை அரிஸ்டோட்டில் எடுத்துக்காட்டுகிறார்.) பிறகு ஏதன்சுக்குப் புதுச் சட்டம் தந்த சோலன் வந்து டிரேக்கோவின் சட்டங்களை நீக்கியபோது கொலைச் சட்டத்தை மட்டும் வைத்திருந்தார் என்பதையும், அந்தச் சட்டம் திட்டமிட்ட கொலையையும் திட்டமிடாத கொலையையும் பிரித்துப் பார்த்தது என்பதையும் விவாதப் போட்டிக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எதிரணி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

‘ரொட்டியும் சர்க்கசும்’ என்று எழுதினால் வாசகருக்குக் கோமாளியும் யானையும்தான் தோன்றும். உரோமக் கவிஞர் ஜுவெனலின் வரியில் (10.81) சர்க்கஸ் என்பது தேரோட்டப் போட்டி. ‘சோறும் வேடிக்கையும்’ என்பது பொருளைச் சரியாகத் தரும்.

கணினியைக் கெடுக்கும் ‘ட்ரோஜன்’ நிரல் பற்றிய செய்தியில், டிராய்க்காரர் ஏமாற்றியதாக எழுதிவிடுகிறார்கள். குதிரையைச் செய்தவர் கிரேக்கர், ஏமாந்தவர்தான் டிராய்க்காரர். குதிரைக் கதை ‘இலியட்’டில் இருக்கிறது என்பதும் பிழை, அது டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும். குதிரைக்கு ‘ஒடிசி’யையும் வேர்ஜிலின் ‘ஈனியட்’ இரண்டாம் புத்தகத்தையும் பாருங்கள். 2021 ஒக்டோபரில், பணக்காரரின் மறைமுகச் சொத்துகளைக் காட்டிய பண்டோரா ஆவணங்கள் வெளிவந்தபோது எல்லோரும் எழுதிய ‘பண்டோராவின் பெட்டி’, மூலமான கிரேக்கக் கவிஞர் ஹெசியோடில் பெட்டியல்ல, பெரிய தாழி. பெட்டியாக்கியவர் 16ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ். இதைத் திருத்தப் போக வேண்டாம், தலைப்பில் பெட்டியே இருக்கட்டும், யாரும் கெட்டுப்போவதில்லை.

நூலகம் எரிந்த நாள் வரும்போது

ஒவ்வோர் ஆண்டும் மே கடைசியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் அலெக்சாந்திரியா நூலகத்தையும் ஒப்பிட்டுப் பதிவுகள் வரும். ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் ஒரே வகைச் சான்றில் நிற்பவை அல்ல. எங்களிடம் 1981 மே 31 - யூன் 1 என்ற திகதி இருக்கிறது, கண்டவர்கள் இருக்கிறார்கள், சுமார் 97,000 நூல் என்ற கணக்கு இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் ‘அந்த ஓர் இரவு’ என்று ஒன்று இல்லை. கி.மு. 48இல் சீசர் துறைமுகத்தில் வைத்த தீ பரவியது என்று புளூட்டார்க் சொல்கிறார். கி.பி. 391இல் அழிக்கப்பட்டது அந்நகரில் இருந்த செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில். அரபுத் தளபதி நூல்களைக் குளியலறை அடுப்புக்கு எரித்தார் என்ற கதை, நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தி எழுதப்பட்டது. அதைப் போட்டால் வரலாறு எழுதவில்லை, இன்னொரு சமூகத்தின் மீது பழி எழுதுகிறீர்கள். எண்ணிக்கையும் அப்படித்தான்: செனெக்கா எரிந்தது 40,000 என்கிறார், இன்னொரு உரோம எழுத்தாளரான கெல்லியஸ் ஏறக்குறைய 700,000 என்கிறார். ஒரே வரியில் ‘ஏழு இலட்சம்’ என்று போடுவதைவிட எண்ணை விட்டுவிடுவது மேல். நிச்சயமான எண்ணை நிச்சயமற்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால், சந்தேகிப்பவன் இரண்டையும் சேர்த்தே சந்தேகிப்பான்.

யவனர் பதிவுகள்

தமிழ்ப் பெருமைப் பதிவுகளுக்கும் இதே முறைதான், இன்னும் கொஞ்சம் இறுக்கமாக. “ரோம் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்சியைத் தமிழகத்துக்குக் கொட்டியது என்று பிளினி அழுதார்” என்பது அடிக்கடி வரும். உரோம எழுத்தாளரான பிளினி 12.84இல் சொல்லும் 10 கோடி (செஸ்டர்சி என்பது உரோம நாணயம்) இந்தியா, சீனம், அரேபியா மூன்றுக்கும் சேர்த்து. இந்தியாவுக்கு மட்டும் என்றால் 6.101இல் உள்ள 5 கோடி. தமிழகம் என்று அவர் பிரிக்கவில்லை. பிளினி ஆறாம் புத்தகத்தில் தப்ரபேனில், அதாவது இலங்கையில் இருந்து குளோடியஸ் மன்னனிடம் நாலு தூதர் போனதும் இருக்கிறது. தலைவன் பெயர் ‘ராக்கியா’. இராசா என்று அதை வாசிப்பவர்கள் உண்டு. ஊகம் என்று சொல்லி எழுதுங்கள், ஊர் இராசையாவாக ஆக்கிவிடாதீர்கள். எங்கள் பக்கச் சான்றுக்கு அகநானூறு 149 இருக்கிறது: யவனர் கலம் “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” முசிறி. விலாசத்தோடு கூடிய அந்த ஒரு வரி, விலாசமில்லாத பத்துப் பதிவைவிடக் கனம்.

எழுதும்போது

பிழையான பெயரோடு வந்த எல்லா வரியையும் எறிய வேண்டியதில்லை. பெயரை மாற்றினால் போதும். “நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம்” என்பது அரிஸ்டோட்டில் அல்ல, அவரை விளக்கி அமெரிக்க எழுத்தாளர் வில் டூரண்ட் 1926இல் எழுதியது. “அரிஸ்டோட்டிலைச் சுருக்கி வில் டூரண்ட்” என்று போடுங்கள். மார்க்கஸ் ஒரேலியசின் பெயரில் வரும் “கேட்பதெல்லாம் கருத்து, உண்மையல்ல” என்பது ‘தியானங்கள்’ நூலில் இல்லை, 2.15இல் “எல்லாம் எண்ணமே” என்று ஒரு சிறு வரி இருக்கிறது, அதைப் போடலாம்.

ஆண்டுக் கணக்கு பார்க்கும்போது பூச்சிய ஆண்டு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். கி.மு. 399இல் இருந்து 2025 வரை 399உம் 2025உம் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 2423.

பேஸ்புக்கில் பிழை போய்விட்டால் பதிவை அழிக்காமல், மேலே ‘திருத்தம்’ என்று எழுதி விலாசத்தைக் கொடுங்கள். அழித்தால் ஸ்கிரீன்ஷொட் மட்டும் மிஞ்சும். வட்ஸ்அப் குழுவில் யாராவது பெரியவர் போட்டிருந்தால் குழுவிலேயே பிடிக்க வேண்டாம், தனியாக அனுப்புங்கள்: “ஐயா, இது வேறொருவர் எழுதினதாம், நீங்களும் ஒருக்காப் பாருங்கோ.”

அச்சுக்குப் போவதுதான் சிக்கல். 31ஆம் நாள் நினைவு மலரான கல்வெட்டில் “இறந்தவர்கள் மட்டுமே போரின் முடிவைக் கண்டவர்கள் - பிளேட்டோ” என்று போட்டுக் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வரியைப் பிளேட்டோ எழுதவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின் ஜோர்ஜ் சந்தாயனா என்ற தத்துவஞானி எழுதி 1922இல் நூலில் வந்தது. அச்சகத்தில் இருந்து படி திருத்தக் கொடுக்கும் நாளிலேயே பார்த்துவிடுங்கள். வரி அப்படியே இருக்கலாம், வடிவமைப்பும் மாற வேண்டாம். கீழே உள்ள ஒரு சொல்லை அடித்து ‘ஜோர்ஜ் சந்தாயனா, 1922’ என்று எழுதிக் கொடுத்தால் சரி.